அத்தை பேர் வைத்த படம்

காலையிலிருந்தே ஷர்மிளா அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவித்திரி வைத்த காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. அறைக்குள் பையில் துணி அடுக்கும் சத்தம்தான் கேட்டது.

"நான் ஹாஸ்டலுக்குப் போறேன் அண்ணி. இனிமே உங்களுக்குச் சங்கடம் வேணாம்..."

"யாரும்மா சங்கடம்னு சொன்னா?"

"வாயால வேற சொல்லணுமா? நேத்து குழந்தை காதுல நான் பேர் சொல்றப்ப, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு அத்தனை பேர் முன்னாடி தடுத்தீங்களே... புருஷனை விட்டு வந்தவ படத்துல இருந்தா உங்க புள்ளைக்கு ஆகாதா?"

பேர் வைக்கிற உரிமை அத்தைக்குத்தான் என்று பெரியவர்களிடம் வாதாடி, ஷர்மிளாவை மணையில் உட்கார வைத்ததே சாவித்திரிதான். ஆனால் ஷர்மிளாவின் புருஷன் ஹேமநாதன் பெண்டாட்டியைத் தேடிச் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்குவது சாவித்திரியின் காதுக்கு வந்திருந்தது. அவனிடம் அடிபட்டு வந்த பெண், இப்போதுதான் தூக்கத்தில் அலறாமல் இருக்கிறாள். அதைக் கெடுப்பதைவிடக் கெட்ட பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டினாள். மகராசி, வாங்கியும் விட்டாள்.

கூடத்தில் கணவன் கங்காதரனின் போன் அடித்தது. அவன் குளித்துக்கொண்டிருந்ததால் சாவித்திரி எடுத்தாள். அவள் பேசுவதற்குள் ஹேமநாதனின் குரல்.

"இன்னா மச்சான், ஊடு ஷோக்கா கீது. ஏரிக் காத்து நல்லா வருதா? எழிலுக்குப் பேர் வச்ச அத்தைகாரிகிட்ட சொல்லு... வந்துகினே கீறேன்."

அயனம்பாக்கத்துக்குக் குடிவந்தது நெருங்கிய சொந்தத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. குழந்தையின் பேர் இவனுக்கு எப்படித் தெரிந்தது?

விஷயம் கேட்டுத் தலை துவட்டியபடி வந்த கங்காதரன் அவள் மேல்தான் பாய்ந்தான். "உங்க அம்மா வீட்டு ஆளுங்க உளறியிருப்பாங்க. நீதான் வாய் விட்டிருப்ப."

சாவித்திரி அழக்கூட இல்லை. ஹேமநாதன் பேரைக் கேட்டு வெளியே வந்த ஷர்மிளா, அண்ணனின் போனைத் திறந்தாள். அவனுடைய ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. சாவித்திரி பால் கலக்க உள்ளே போன நேரத்தில் எடுத்திருக்கிறான். மடியில் குழந்தையோடு ஷர்மிளா, பின்னால் பால்கனி, ஏரி, எதிர் பிளாக்கின் பெயர்ப்பலகை. கீழே, 'என் தங்கை என் மகன் எழிலுக்குப் பேர் வைத்தாள்.'

"ஜெகன் பாத்திருக்கான் அண்ணா... அவரோட சித்தப்பா பையன். கல்யாணத்தப்ப வாங்கின நம்பர், இன்னும் வச்சிருக்கியா?"

"ஆசைல போட்டேன் ஷர்மி... இப்பவே அழிச்சிடறேன்."

"போன்ல அழிச்சிடலாங்க," என்றாள் சாவித்திரி. "பாத்தவன் கண்ணுல இருந்து எப்படி அழிப்பீங்க?"

ஷர்மிளா அண்ணியையே பார்த்தாள்.

"இதுக்குத்தான் தடுத்தீங்களா? ஏன் அண்ணி சொல்லல..."

"நீ நிம்மதியா தூங்கட்டும்னுதான்மா."

ஷர்மிளா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

கதவை நோக்கி நகர்ந்த கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள் சாவித்திரி. குழந்தையை ஷர்மிளாவிடம் கொடுத்து அறைக்குள் தள்ளிவிட்டு, வாசல் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவோரம் நின்றாள்.

"யாரு?"

"ஷர்மிளாவைக் கூப்பிடு."

"அப்படி யாரும் இங்க இல்ல."

"படத்துல பாத்துட்டுத்தான் வந்துகீறேன்!" கதவில் உதை விழுந்தது. தாழ்ப்பாள் குலுங்கியது. மறுபடியும் ஒரு உதை.

"என் பேர் ஷர்மிளா."

சாவித்திரி திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை, காதில் போன். அறையைவிட்டு வந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வெளியே நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பேசினாள்.

"போலீஸ்தானே? என் வீட்டுக்காரர் கதவை உதைக்கிறார் சார். அட்ரஸ் சொல்றேன், எழுதிக்குங்க..."

இத்தனை நாள் மறைத்து வைத்த முகவரியை அவளே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். உதை நின்றது. படிகளில் தடதடவென்று யாரோ இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

அது யார் வீடு என்று போனில் கேட்டார்கள். ஷர்மிளா, தலைகுனிந்து நின்ற அண்ணனைப் பார்த்தாள். பிறகு சாவித்திரியின் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி வீடு சார்."