விடச் சொல்லும் வரை

மாமனார் அவனை அதுவரை ஒரு நாள்கூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவன் வெறும் 'கண்ணாடி'தான். "ஏய் கண்ணாடி, கதவைச் சாத்து." "கண்ணாடி தின்னு முடிச்சானா, பாத்திரம் கழுவணும்." வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் அதே பேச்சு. அதனால் அந்தச் சாயங்காலம் காருக்கு அடியிலிருந்து, "அமுத்துங்க மாப்பிள்ளை" என்று குரல் வந்தபோது, பிரேக் பெடலின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தவன் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தான்.

அமுத்தினான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டின் தகரக் கூரை மேல் யாரோ மூட்டை மூட்டையாகச் சரளைக்கல்லைக் கவிழ்ப்பது போன்ற சத்தம். பிரேக் ஆயிலின் காரமான நெடியும், பழைய டயரின் வாடையும், ஈரச் சிமெண்டின் குளிர்ச்சியும் திறந்திருந்த கார்க் கதவு வழியே ஏறி வந்து அவன் தொண்டையில் படிந்தன.

முந்தைய நாள் மனைவியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது சிக்னலில் பெடல் சரசரவென்று தரைவரை போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினான். முன்னால் நின்ற லாரிக்கும் அவர்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சம். மனைவி நிறைமாதம். வீட்டுக்கு வந்து அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்ட மாமனார் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "பெடல் பஞ்சு மாதிரி இறங்குறது கூடத் தெரியாம ஓட்டியிருக்கான். இவன் கையில பொண்ணைக் குடுத்ததுக்கு என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்."

பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் கடையில் விடலாமே என்று அவன் சொன்னதற்கு, "நான் செத்தப்புறம் விடு" என்றார். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். அது போதாதென்று இருபுறமும் இரும்பு ஸ்டாண்ட் நிறுத்திப் பின்சக்கரங்களைக் கழற்றினார். கசிந்துகொண்டிருந்த குழாயை மாற்றினார். இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுத்திப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்து சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்துவார். ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும்.

"நான் விடச் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. முன்னாடியே விட்டேன்னா காத்து திரும்ப உள்ள ஏறிடும். இதையாவது உருப்படியா செய்."

அப்படித்தான் தொடங்கியது. அமுத்து. பிடி. விடு. ஒவ்வொரு சொல்லும் முகத்தில் வீசியெறிந்த மாதிரி வந்தது. நடுவில் மழை வலுத்தபோது கீழே ஒரு டின் உருண்டது. மாமனார் ஏதோ கத்தினார், கூரைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டால் திட்டு விழும் என்று அவன் கேட்கவில்லை; பெடலிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அப்புறம் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த 'மாப்பிள்ளை'.

"விடுங்க" என்றது குரல். அதே கரகரப்பு, அதே இருமல். "நல்லாப் பண்றீங்க. கால் வலிக்குதா?"

"இல்ல மாமா."

"வலிச்சாச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாள் திட்டிய மனிதரின் ஒரே ஒரு நல்ல வார்த்தைக்கு நெஞ்சு இப்படிக் குழைகிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. நேற்று லாரி விஷயத்தைக் கேட்டு அவரும்தான் பயந்திருப்பார், மகளை நினைத்து மனம் மாறியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"அமுத்துங்க."

அமுத்தினான். பெடல் வேறு மாதிரி இருந்தது. இதற்கு முன் பஞ்சு போல இறங்கியது. இப்போது கொஞ்சம் இறங்கி, நின்று, மெல்ல அவன் பாதத்தை மேலே தள்ளியது. மறுபடி தணிந்தது. மறுபடி தள்ளியது. தூங்குகிற மிருகத்தின் வயிற்றில் கால் வைத்தது போல.

"மாமா, பெடல் ஒரு மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கும். பிடிச்சுக்கிட்டே இருங்க. பாவம், இந்த வீட்டுல நீங்க எவ்வளவு பொறுத்துட்டீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லையா? குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதீங்களே."

அதை யாரும் பார்த்ததில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது. அவன் சைடு கண்ணாடியில் பார்த்தான். சக்கரம் இருந்த இடத்திலிருந்து கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் தரையில் வழிந்துகொண்டிருந்தது. மாமனாரின் கால்கள் அங்கே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காணவில்லை. ஆயில் நெடியும் இப்போது இல்லை. அதன் இடத்தில் வேறொரு வாடை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் ஈரத்துணி அழுகிய வாடை.

"அவர் மேல உங்களுக்குக் கோபம் இருக்கும்ல?" என்றது குரல்.

"யார் மேல?"

"உங்க மாமனார் மேல."

கைவிளக்கு அணைந்தது.

வண்டி வாசலைப் பார்த்துத்தான் நின்றிருந்தது. முன்கண்ணாடியில் வழியும் மழைநீருக்கு அப்பால் வாசல் கேட் திறந்தது. ஒரு கறுப்புக் குடை. மடித்துக் கட்டிய வேட்டி. கையில் பாலிதீன் பை, அதற்குள் புது ஆயில் டின்.

மாமனார்.

அவன் காலை எடுக்க நினைத்தான். கால் அசையவில்லை.

"விடச் சொல்லல" என்றது கீழே இருந்த குரல், அன்பாக.

மாமனார் ஷெட்டுக்குள் வந்து குடையை உதறினார். "ஆயில் தீந்துபோச்சு, கடைக்குப் போறேன், உள்ள போய் உக்காருன்னு கத்திட்டுத்தானே போனேன்? காது கேக்காதா? இன்னும் பெடலை மிதிச்சிட்டு உக்காந்திருக்கே. பொம்மையா நீ?"

"மாமா." ஸ்டியரிங்கை இறுகப் பற்றினான். "கீழ குனியாதீங்க. வண்டிக்கு அடியில யாரோ இருக்காங்க."

"யாரோன்னா?"

"தெரியல. உங்களை மாதிரியே பேசுது. உள்ள போயிடுங்க மாமா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

மாமனாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பயமாக இருக்கலாம். ஆனால் அவன் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்? அந்த முகம் பழையபடி இறுகியது.

"என் வீட்டு ஷெட்டுல குனியாதேன்னு எனக்குச் சொல்றியா நீ?"

குடையைச் சுவரில் சாய்த்தார். முட்டி சொடுக்க மண்டியிட்டார். பிறகு மல்லாந்து படுத்து, எத்தனையோ பஸ்களுக்கு அடியில் போனது போலச் சரசரவென்று உள்ளே போனார்.

தலை போனது. தோள் போனது. இடுப்பு.

பாதி வழியில் நின்றார். கால்கள் ஒருமுறை தரையை உதைத்தன. வெளியே வரத்தான் பார்த்தார். பிறகு கால்களும் உள்ளே போயின. அவராகப் போன வேகம் இல்லை அது.

சத்தமே இல்லை. மழை மட்டும்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை உயர்த்தினான். ஒரு விரல் அளவு. வண்டி ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. பெடலுக்கும் ஜாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அவனுக்கே தெரியும். இரும்பு ஸ்டாண்டுகள் வேறு நிற்கின்றன. ஆனாலும் இறங்கியது. அடியில் மாமனார் முனகினார். அது அவருடைய சொந்த முனகல்.

மறுபடி அமுத்தினான். வண்டி உயர்ந்தது. முனகல் நின்றது.

"பாத்தீங்களா" என்றது குரல். "விட்டா அவர் மேல இறங்கிடும். விடணும்னு தோணுதா? உங்க இஷ்டம்தான்."

தோன்றியது. ஒரு கணம், ஒரே கணம், தோன்றத்தான் செய்தது. அந்த நினைப்பில் அவன் உடம்பெல்லாம் வேர்த்தது. இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வரும் கதவு திறந்தது. மனைவி. ஒரு கை இடுப்பில், மற்றது நிலையில்.

"இன்னும் முடியலையா? என்ன, ரெண்டு பேருக்கும் மறுபடி சண்டையா?"

"உள்ள போ." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "போயிடு. கிட்ட வராதே."

"அப்பா எங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றது காருக்கடியில் இருந்து. அவள் அப்பாவின் குரல். "அவரை ஒண்ணும் சொல்லாதே. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. நான்தான் இத்தனை நாள் புரிஞ்சுக்கல."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த வார்த்தைக்காக எத்தனையோ சாப்பாட்டு நேரங்களில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக் காத்திருந்தவள் அவள். கண் நிறைந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டியா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

"முதுகு பிடிச்சுக்கிச்சும்மா" என்றது குரல். "எழுந்திருக்க முடியல. கொஞ்சம் கை குடேன்."

"இருங்கப்பா, வரேன்."

அவள் வந்தாள். திறந்திருந்த கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் தோளைப் பற்ற ஒரு கையை நீட்டினான். எட்டவில்லை. உடம்பைச் சாய்த்தான். கால் நழுவியது. வண்டி இறங்கியது. அடியில் முனகல். அமுத்தினான். அவளையும் விட முடியாது. இதையும் விட முடியாது.

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மெல்ல, மூச்சு வாங்க, அவள் குனிந்தாள். மற்ற கையைக் கீழே நீட்டினாள்.

காருக்கடியிலிருந்து அவளைப் பிடிக்கக் கைகள் வந்தன. ஆயிலும் அழுக்குமான, நரைத்த மயிர் படர்ந்த, அவள் அப்பாவின் இரண்டு கைகள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. அதே மாதிரி. அவற்றுக்கும் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து, ஒவ்வொன்றாக, இன்னும்.