சருகுச் சத்தம்

வியாழக்கிழமை காலை டெல்ஃபியா சமையலறையைப் பெருக்கியபோது அணில்கள் கொறிக்கும் ஹிக்கரிக் கொட்டையின் ஓடு ஒரு கைப்பிடி வந்தது. குனிந்து அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். புதிதாகக் கொறித்துப் போட்டது. பச்சைத் தோலில் ஈரம் காயவில்லை. ஓரங்களில் நுணுக்கமாகப் பல் தடம்.

ஹிக்கரி மரங்கள் அரை மைல் தள்ளி மலை முகட்டில் இருக்கின்றன. அவளோ ஒரு வருடமாக அந்தப் பக்கம் போனதில்லை. ஜன்னல்களில் வலை அடித்திருந்தது, கூரையில் ஓட்டை இல்லை. வெளியே கொட்டிவிட்டு வந்து காப்பி போட்டாள். பாதிக் கோப்பை குடித்திருப்பாள், பின்னால் மழை தூற ஆரம்பிப்பதுபோல ஒரு சத்தம். பொட், பொட்பொட், பொட். திரும்பினாள். பெருக்கிய இடத்தில் மறுபடியும் துகள்கள் கிடந்தன.

வீடு சின்னதுதான். நடுவில் அவள் கணவன் ஆர்லிஸின் அப்பா ஆற்றுக் கற்களை அடுக்கிக் கட்டிய புகைபோக்கி, கிழட்டு மரத்தின் அடிபோலப் பருத்து, தரையிலிருந்து கிளம்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். அதற்கு இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் படுக்கையறை. இடப்புறம் ஒரு வழி, வலப்புறம் ஒரு வழி, இரண்டிலும் கதவு கிடையாது. புதுமனைவியாக வந்த முதல் வாரத்தில் ஆர்லிஸ் அவளை அதைச் சுற்றிச் சுற்றித் துரத்தியிருக்கிறான்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு இடப்புறமாக நடந்தாள். அவள் அடி எடுத்து வைத்ததும் கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ அடி எடுத்து வைத்தார்கள். மரப்பலகைத் தரையில் மிதிக்கும் சத்தம் இல்லை அது. காய்ந்த இலைகளை மிதிக்கும் சத்தம். அவள் நின்றாள். அதுவும் நின்றது. அவள் ஓடி அந்தப் பக்கம் போனபோது படுக்கையறை காலியாக இருந்தது. சருகுச் சத்தம் சமையலறைக்குப் போயிருந்தது. திரும்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். அதுவும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அறையில் ஈர மண்ணும் மக்கிய இலையும் கலந்த வாசனை. அன்று முழுக்க அவள் எத்தனை தடவை சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கல் நடுவில் இருந்தது.

கல்லை நடுவில் வைத்துக்கொள்ளும் அந்த வித்தை அவளுக்குத் தெரிந்ததுதான்.

போன வருடம் ஆகஸ்டில், அணில் வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் சனிக்கிழமை, ஆர்லிஸ் அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதுவரை அவனுக்குக் கூட்டாளி தம்பி ரோஸ்கோதான். ரோஸ்கோவுக்கு முழங்கால் போய்விட்டது. இத்தனை வருஷமா வறுத்துக் குழம்பு வச்சே, ஒரு தடவை அடிச்சும் பாரேன் என்று ஆர்லிஸ் கேட்டபோது, ஐம்பத்தெட்டு வயதில் அவள் வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தாள். சின்னத் துப்பாக்கிதான். கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரிப்பு வந்தது.

“அணிலுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும், டெல்,” என்று இருட்டில் ஏறும்போது அவன் கிசுகிசுத்தான். “மரத்தை நடுவுல வச்சுக்கும். நீ இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் போயிடும். அதான் ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் கல்லு மாதிரி உக்காரணும். இன்னொருத்தன் மறுபக்கம் சருகை மிதிச்சுக்கிட்டு நடக்கணும். அவனுக்குப் பயந்து அது உன் பக்கம் திரும்பும்.”

“நான் கல்லு. நீ பூச்சாண்டி.”

“முப்பத்தொரு வருஷமா அப்படித்தானே நடக்குது.”

அவளைச் சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டையில் சாய்த்து உட்காரவைத்தான். விடிந்து தன் கையின் நிறம் தெரியும்வரை சுடக் கூடாது. எப்போதும் அவன் தலைக்கு மேலேதான் சுட வேண்டும். கண் சிமிட்டுவதைக்கூட மெதுவாகச் செய்ய வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னான்.

“சுட்டதும் எந்திரிச்சு ஓடாத. புதுசா வர்றவங்க அங்கதான் கெடுத்துக்குவாங்க. விழுந்த இடத்தை மனசுல வச்சுக்கிட்டு அப்படியே உக்காரு. ஒரு அரை மணி நேரத்துல காடு உன்னை மறந்துடும். அடுத்தது தானா வரும்.”

அவன் எதிரிலிருந்த பெரிய ஹிக்கரி மரத்தைச் சுற்றிக்கொண்டு போனான். மறுபக்கம் சரிவு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது கீழே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. அங்கே நின்றால் ஆள் தலை எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று இருவரில் ஒருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. புழுக்கம். வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றியிருக்கிறான். அடிமரத்தின் ஓரத்தில், நல்ல உயரத்தில், அந்த மலை அணில்களின் சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து முடி அசைந்தது. அவள் சுட்டாள்.

கனமாக ஏதோ விழுந்தது. கிழட்டு ஆண் அணில், பெரிசு என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

மறுபக்கத்தில் சருகு அசைந்துகொண்டிருந்தது. அவன் தன் வேலையைச் செய்கிறான் என்று இருந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒரு அணில் உண்மையாகவே அவள் பக்கம் திரும்பியது, அதையும் சுட்டாள். அது அவள் காலடியில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. மறுபக்கத்துச் சத்தம் மெலிந்து, விட்டு விட்டு வந்து, பிறகு நின்றது. அடுத்ததற்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டாள்.

சுட்டவுடன் ஓடிப்போய்ப் பார்த்ததாக ஷெரீஃபிடம் சொன்னாள். ரோஸ்கோவிடமும் அதையேதான் சொன்னாள். உண்மையில் அவள் மரத்தைச் சுற்றிப் போகவே இல்லை. பதில் வராதபோது கால்கள் கீழ்நோக்கித்தான் ஓடின. ரோஸ்கோ நொண்டிக்கொண்டே மேலே ஏறிப் போனான். கீழே வந்தவன் அவளைப் பார்க்க விடவில்லை. பெட்டியை மூடியேதான் புதைத்தார்கள். அந்த அரை மணி நேரத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒருவனின் முகத்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரோஸ்கோ ஒரு பை தக்காளியோடு வந்தான். இரண்டு நாளாகத் தலைகூட வாராமல் இருந்த அண்ணியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவள் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தாள். கல்லுக்குப் பின்னால் பொட்டென்று ஒரு துகள் விழுந்தது. அவன் மென்றுகொண்டே இருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை.

“கூட்டாளி இல்லாம தனியாப் போறவன் என்ன பண்ணுவான், ரோஸ்கோ?”

“யாரைப் பிடிக்கப் போறீங்க அண்ணி? துப்பாக்கிதான் என் வீட்ல இருக்கே.”

“சும்மாதான் கேக்குறேன்.”

அவன் தாடையைச் சொறிந்தான். “கோட்டைக் கழட்டி அந்தப் பக்கம் ஒரு செடியில மாட்டணும். கயித்தைக் கட்டிட்டு இந்தப் பக்கம் வந்து உக்காந்து, நேரம் பாத்து இழுக்கணும். ஆளுக்கும் கோட்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. உனக்கும் கோட்டுக்குமே பெரிசா வித்தியாசம் இல்லடான்னு அண்ணன் சொல்வான்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

“அவன் முகத்தை நீ பாத்தேல்ல.”

ரோஸ்கோ தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “குப்புற விழுந்திருந்தான் அண்ணி. துடைச்சு எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்கு மேல கேக்காதீங்க.”

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

சனிக்கிழமை விடியுமுன் எழுந்தாள். ஆர்லிஸின் முரட்டுத்துணிக் கோட்டு சமையலறை ஆணியில் ஒரு வருடமாகத் தொங்குகிறது. அதன் கையில் நூல்கயிற்றைக் கட்டி, கயிற்றைத் தரையோடு வலப்புற வழியாக இழுத்து வந்து, படுக்கையறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, புகைபோக்கியைப் பார்த்து உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. வெளியே சுவர்க்கோழிகள் மலை முழுக்க இரைந்துகொண்டிருந்தன. வெறுங்கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. துப்பாக்கி இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்த்து, அந்த அரை மணி நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

காடு மறப்பதுபோல வீடும் மெல்ல அவளை மறந்தது. பலகைகள் முனகுவதை நிறுத்தின. சமையலறைக் கடிகாரத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் போய் ஒடுங்கியது. கல்லின் விளிம்பு முதலில் கறுப்பாக, பிறகு நீலமாக, பிறகு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. சமையலறைப் பக்கத்தில் துகள்கள் விழுந்தன. பொட். பொட்பொட். அவள் தன் கையைப் பார்த்தாள். தோலின் நிறம் தெரிந்தது.

சுவர்க்கோழிகள் ஒரே நேரத்தில் நின்றன.

கயிற்றை இழுத்தாள்.

அந்தப் பக்கம் கோட்டு சுவரில் உரசியது. கொறிக்கும் சத்தம் அறுந்தது. பிறகு சருகு. கோட்டைவிட்டு விலகி. இடப்புறமாக. அவள் பக்கம் திரும்பி.

அவள் மூச்சை விடவில்லை.

ஆள் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. சத்தம் மேலேயிருந்து வந்தது. கண்களை மட்டும் உயர்த்தினாள்.

கூரைக்கு அடியில், கல்லின் விளிம்பில், நான்கு விரல்கள். நகங்களில் மரப்பட்டைத் தூள். மூன்றாவது விரலில் அவள் அவனுக்குப் போட்டுவிட்ட மோதிரம்.

விரல்களுக்குக் கீழே சாம்பல் முடி.

தலைகீழாக, உடம்பைக் கல்லோடு ஒட்ட அழுத்திக்கொண்டு, அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தான். முதலில் ஒரு காது. பிறகு நெற்றி. ஒரு கண். முப்பத்தொரு வருடம் அவள் தலையணையில் பார்த்த பக்கம் அது. ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கண் அவளைத் தேடியது.

“ஆர்லிஸ்,” என்றாள். “நான் உக்காந்தே இருந்தேன். அரை மணி நேரம். நீ நடக்குறேன்னு நெனச்சேன்.”

முகம் முழுவதும் திரும்பியது.

மறுபாதியை அவள் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. அதற்குள் பல் தெரியவில்லை, நாக்கு தெரியவில்லை. போன வருடத்து இலைகள், ஈரமும் மண்ணுமாக, தொண்டைவரை அடைத்திருந்தன. தாடை அசைந்தது. சருகு சத்தமிட்டது. தாடை மறுபடியும் அசைந்தது, மறுபடியும் அதே சத்தம், அன்றைக்கு மரத்துக்கு மறுபக்கத்திலிருந்து அரை மணி நேரம் வந்துகொண்டிருந்த அதே சத்தம். அது காலடியில் எழுந்தது இல்லை. அவன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

விடிந்த வெளிச்சத்தில் அவன் தலைகீழாகவே கல்லில் இறங்கி வந்தான், கூப்பிட்டுக்கொண்டே. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓர் இலை வாயிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தது.

டெல்ஃபியா அசையவில்லை. அசையக் கூடாது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.