பாத்திக்குக் கூலி இல்லை

அம்மா எது சொன்னாலும் அருள்மொழி "ம்ம்" என்பாள். கண் மட்டும் போனைவிட்டு நகராது.

அண்ணன் தேவா வேண்டாமென்று கொடுத்த பழைய போன் அது. ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதனால் என்ன? பூனை குதிக்கும் வீடியோவும் கேக் வெட்டும் வீடியோவும் விரிசலுக்குள்ளும் நன்றாகவே தெரிந்தன.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி அவர்கள் வீடு. கோடை விடுமுறை. அன்று காலை அம்மா தெய்வநாயகி அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா செல்லப்பனுக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கல். வெயிலில் பளபளக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்து, கண் கூசி நீர் வடிந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பாப்பா, மேல் பாத்தித் தண்ணியக் கடைசிப் பாத்திக்குத் திறந்து வுட்டிருக்கேன். குச்சியில கோடு போட்டிருக்கேன் பாரு, தண்ணி அதைத் தொட்டதும் மண்ணைப் போட்டு மடையை அடைச்சிடு. கேட்டுச்சா?"

"ம்ம்."

"மறந்துடாதடி. நாளன்னிக்கு உப்பு ஏத்த லாரி வருது."

"ம்ம்மா."

கடைசிப் பாத்தியில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து கிடந்தது. பாத்தி காய்ந்துவிடாமல் இருக்க, மேல் பாத்தித் தண்ணீரைக் கொஞ்சமாக விடுவார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு. அளவு மீறினால் விளைந்ததையெல்லாம் கரைத்துவிடும். உப்பளத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அருள்மொழிக்கும் தெரியும். ஆனால் அன்று அவள் காதில் அம்மாவின் குரல் விழுந்ததே தவிர, சொன்னது விழவில்லை.

ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வந்தது. இது ஒன்று மட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் இன்னொன்று வந்தது.

சாயங்காலம் தேவா வெளியிலிருந்து ஓடி வந்தான்.

"ஏய்! மடை தொறந்தே கெடக்குது! அம்மா உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

அருள்மொழி யோசித்தாள். அம்மாவின் கையில் இருந்த சீப்பு நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

இருவரும் ஓடினார்கள். குச்சி கோட்டுக்கு மேலேயும் முழுகியிருந்தது. பாத்தியில் வெள்ளையே இல்லை. வானம்தான் தெரிந்தது. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். நாலைந்து கல் தட்டுப்பட்டது. அள்ளுவதற்குள் அதுவும் விரலிடுக்கில் நழுவியது.

இருட்டும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கண்ணில் மருந்து விட்டதால் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வரப்பில் நின்று பாத்திப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உப்பு நல்லா ஏறியிருக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியல."

அம்மா குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "கரைஞ்சிடுச்சு," என்றாள் பிறகு.

திட்டவில்லை. அடிக்கவுமில்லை. அதுதான் அருள்மொழிக்கு என்னவோபோல் இருந்தது.

லாரி வந்தது. பக்கத்துப் பாத்திக்காரி ஜெயா அக்காவின் உப்பை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் பாத்தித் தண்ணீர் வெயிலில் முதலிலிருந்து காய வேண்டும். அதற்குள் மழை வராமல் இருக்க வேண்டும்.

அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் முன், அம்மா வேலி ஓரம் நின்று ஜெயா அக்காவிடம் பேசினாள்.

"ஜெயா, நம்ம பாத்தியையும் ஒரு பார்வை பாத்துக்கம்மா."

"பாப்பா வூட்டுலதானேக்கா இருக்குது?"

"செவுருகிட்ட சொன்னாக்கூட கேக்கும். அவ கேக்க மாட்டா."

கதவுக்குப் பின்னால் அருள்மொழி நின்றிருந்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

தேவா மூலையில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா, வீடியோ பாக்குறத நிறுத்தணும்னு நெனைச்சாலும் ஏன் நிறுத்த முடியல?"

"இந்த ஆப்பைச் செஞ்சவங்க நிறுத்த வுடாத மாதிரிதான் செஞ்சிருக்காங்க. நீ எவ்ளோ நேரம் பாக்குறியோ அவ்ளோ அவங்களுக்குக் காசு. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சார் சொன்னாரு. நம்ம கவனத்தை வாரி வெளம்பரக்காரங்ககிட்ட விக்கிறாங்களாம்."

"உப்பை வார்ற மாதிரியா?"

"அதே மாதிரி."

"அப்போ நான் யாரு? கூலியாளா?"

"கூலியாளுக்காவது கூலி உண்டு. நீ பாத்தி!" என்று சிரித்தான் தேவா.

"நீயுந்தான்!"

"நானுந்தான்," என்றான் அவன். கண் இன்னும் போனில்தான் இருந்தது.

அருள்மொழி தன் போனை எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினாள். சற்று நேரத்தில் அரிசிக்குள்ளிருந்து "டிங்" என்றது. கை அரித்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா வந்து வாசலில் கால் கழுவினாள். அருள்மொழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

அம்மாவின் குதிகாலில் ஆழமான வெடிப்புகள் இருந்தன. தண்ணீர் பட்டதும் அம்மா பல்லைக் கடித்தாள். இது எப்போதும் இப்படித்தானா? அருள்மொழிக்குத் தெரியவில்லை. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து வைத்தாள். அம்மா தடவிக்கொண்டாள். மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு மாலை, எண்ணெயைத் தடவியபடி அம்மா தானாகவே வாயைத் திறந்தாள்.

"கண்ணுல புரை இருக்குதாம். ஆபரேஷன் பண்ணணும்னாங்க. போர்டு தெரியாம உங்கப்பா மெட்ராஸ் பஸ்ஸுல ஏறப் போனாரு. அந்தக் கண்டக்டரு என்ன கேட்டாரு தெரியுமா..."

அதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள். யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாத்தியில் மறுபடி உப்பு மெல்லப் படியத் தொடங்கியது. முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. ஒரு மாலை அம்மா மேல் மடையைத் திறந்துவிட்டு, ஜெயா அக்கா வீட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே கதவு பூட்டியிருந்தது. அப்பாவுக்குக் கண் மருந்து விடும் நேரம்.

"நான் பாத்துக்கறேம்மா," என்றாள் அருள்மொழி.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தண்ணி கோட்டைத் தொட்டதும்..."

"தொட்டதுமா, தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியா? அடைக்கறதுக்குள்ள இன்னும் ஏறுமே?"

அம்மா கோட்டுக்குச் சற்றுக் கீழே கையைக் காட்டினாள்.

"முன்னாடியே," என்றாள்.

அருள்மொழி வரப்பில் குந்தினாள். தண்ணீர் "டிங்" என்று கூப்பிடவில்லை. சத்தமே போடாமல் ஏறியது. அவள் குச்சியையே பார்த்தாள். நடுவில் ஒரு கொக்கை வேடிக்கை பார்க்கப் போய், திடுக்கிட்டுத் திரும்பினாள். கோட்டுக்கு இன்னும் ஒரு நகம் அளவு இருந்தது. இரு கைகளாலும் சேற்றை அள்ளி மடையை அடைத்தாள். மிதித்து இறுக்கினாள்.

நிமிர்ந்தபோது எதிர் வரப்பில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ? அம்மா குச்சியைப் பார்த்தாள், மடையைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அந்தக் கண்டக்டரு இருக்காரே பாப்பா," என்று தொடங்கினாள்.