ஹார்ல்விக் பிரபுவின் கடைசிப் பேச்சு

தான் படித்துப் பதிந்த ஏழாம் பகுதியைத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் ஆரோக்கியசெல்விக்கு அந்த மூச்சு கேட்டது. அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கிறாள். ஒரு நொடி அமைதி. அந்த நொடியில் யாரோ, பேசப் போகிறவர் இழுப்பதுபோல, மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். அது அவளுடைய மூச்சு இல்லை.

காட்டேரிக்குப்பம் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிக்கிறவள் அவள். அந்தக் குரலை யாரோ போனில் பதிந்து அனுப்ப, வில்லியனூரில் ஆடியோ புத்தகம் தயாரிக்கும் நவீன்குமார் வேலை கொடுத்தான். இந்த முறை அவன் அனுப்பியது, ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த தாமஸ் ஹார்ல்விக் என்ற இங்கிலாந்துப் பிரபுவின் வாழ்க்கை. பத்தொன்பது வயதில் அரண்மனைக்குள் நுழைந்தவர். முப்பதில் ராஜாவின் ஆலோசனை சபையில் உட்கார்ந்தவர். கூடப் படித்த நண்பன்மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது பொய்ச் சாட்சி சொன்னார். நண்பனின் தலை போன மறுமாதமே அவனுடைய பதவி இவருக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் கழித்துப் பாராளுமன்றம் அதே குற்றத்தை இவர்மேல் சுமத்தியது. வெட்டுமேடையில் ஏறி, எழுதி வைத்திருந்த தாள்களைப் பிரித்தார். அதிகாரி கைகாட்ட, முரசுகளை முழக்கினார்கள். அவர் வாய் அசைந்ததைப் பார்த்தார்களே தவிர, ஒருவர் காதிலும் ஒரு சொல்லும் விழவில்லை. அது எட்டாம் பகுதி. அவள் இன்னும் அதைத் தொடவில்லை.

மத்தியானம் மூன்று மணி. சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சுவர்களில் கம்பளி தொங்கவிட்ட பின்னறையில், பக்கத்துக் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை எரியும் புகையும் தன் வேர்வையும் கலந்த புழுக்கத்தில் உட்கார்ந்து, ஏழாம் பகுதியை மறுபடியும் படித்தாள். நடுவில் வேறொரு வாடை வந்தது. நனைந்த கல்லும், அணைந்த மெழுகுவர்த்தியும். போட்டுக் கேட்டாள். "சாட்சி சொன்னார்" என்று அவள் முடித்ததும், பின்னாலேயே ஓர் ஆண்குரல், நாக்கு வளையாமல், தடித்து, "சா... ச்சி" என்றது.

மூன்றாம் முறை பதிந்தாள். இப்போது அந்தக் குரல் "சாட்சி" என்று சரியாகச் சொன்னது. கரகரப்பும் குறைந்திருந்தது. அவளுக்குத் தொண்டை வறண்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் வறட்சி போகவில்லை.

நவீன்குமாருக்குப் போன் செய்து, பதிவில் இரண்டு குரல் கேட்கிறது என்று சொன்னாள். அதைச் சொல்வதற்கே இருமுறை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் சிரித்தான்.

"இன்னாக்கா சொல்றீங்க? எட்டாவது இப்பதான் கேட்டு முடிச்சேன். அவரு மேடையில பேசுறாரு பாருங்க, அங்க அழுதுட்டீங்க இல்ல? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா."

"நான் எட்டாவது படிக்கவே இல்லப்பா."

போனில் அவனுக்குப் பின்னால் அவளுடைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் தன் போனில் தேடினாள். எட்டாம் பகுதி இருந்தது. நாற்பது நிமிடம். நவீன்குமார் அனுப்பிய எழுத்தில் அந்தப் பேச்சு கிடையாது. அவர் என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது என்ற ஒரே வரிதான் இருந்தது. அழுத்தினாள்.

"என் நண்பன் குற்றம் செய்யவில்லை," என்றது அவள் குரல். "பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். எல்லாரும் உட்காருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை."

போனை அந்த அறையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். கொல்லைப்புறம் ஓடி, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். மாதாவே என்று சொல்லப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள். காற்று.

பொழுது இறங்கியது. புகை தரையோடு படிந்தது. வாசலில் பைக் வந்து நின்றது. திருபுவனை கம்பெனியில் வேலை முடித்து அவள் புருஷன் பாக்யராஜ் திரும்பியிருந்தான். அவள் எழுந்து ஓடினாள். கூப்பிட வாய் திறந்தாள். ஒன்றுமில்லை.

உள்ளே அவன் குரல் கேட்டது. "செல்வி, இன்னா கதவ சாத்திகினு கீற?"

பின்னறைக்குள்ளிருந்து அவள் குரல் பதில் சொன்னது. அன்பாக. அவசரமே இல்லாமல்.

"அப்படியே உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

சமையலறையைத் தாண்டி அவள் கூடத்துக்கு வந்தபோது பாக்யராஜ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாத்திய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான். யாரோ தெரியாத பொம்பளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். உதட்டில் விரல் வைத்தான்.

உள்ளே அவள் குரலில் அந்தப் பேச்சு தொடர்ந்தது.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. அவளுக்குப் பின்னால் அவள் மாமியார். எதிர்வீட்டுக்காரர்கள். சோகை எரித்த கரி கையோடு கரும்புக் கொல்லைக்காரர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, கதவைப் பார்த்தபடி, தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.