நடுவில் நிற்கும் குரல்

சந்து முனையிலேயே டுக்டுக் ஆட்டோவை நிறுத்திவிட்டு என் அண்ணன் இமாத் பல்லைக் காட்டினான்.

“பட்டதாரியம்மா, ரெண்டு ஸ்பீக்கர் பொட்டிக்கா இவ்வளவு அலைச்சல்? என் வண்டில இருக்கறதை எடுத்துக்கோயேன். மூணு தெருவுக்குக் கேக்கும்.”

“அது பாட்டு இல்லண்ணே, பூகம்பம்.”

“ஜனங்க ஆடுறாங்கல்ல? அப்புறம் என்ன?”

அவனிடம் பேசிப் பயனில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது, இம்பாபா பேட்டையில் ஒரு பாட்டுப்பதிவுக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்யும், குரலையும் தாளத்தையும் அளவாய்க் கலக்கும் வேலை. காது என்னுடையது, பெயர் முதலாளியுடையது. சாவியும் அவனுடையதுதான். என் அறையில் பதிவானதை அப்படியே காட்டும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்துவிட்டால் அந்தப் பின்னறைக்கு நான் போகவே வேண்டாம். புதிது எனக்கு எட்டாது. அதனால்தான் ஷுப்ரா பேட்டையின் இந்தப் பழைய கட்டடத்துக்கு வந்தேன். ஷவ்கி என்ற கல்யாணப் பாடகர் இறந்துபோய், அவர் மனைவி விற்கிறார் என்று விளம்பரம். வீட்டுக்கே வந்து கேட்டுப் பார்க்கலாம் என்றும் இருந்தது.

மாடிப்படியில் பூனை மூத்திரமும் வதக்கிய பூண்டும் மணத்தன. கதவைத் திறந்தவர் அந்த மனைவி, ஹாஜியம்மா சுஆத். கறுப்பு உடை, கையில் மாவு வாசம்.

“வா கண்ணே. எத்தனையோ பேர் வந்தாங்க. பொண்ணு வர்றது நீதான் முதல்.”

“பொண்ணுக்கும் காது ரெண்டுதான் ஹாஜியம்மா.”

அவர் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

பாடகரின் அறை உள்ளே இருந்தது. அறைக்குள் இன்னொரு அறை. வெளிச்சுவருக்கு உள்ளே தகரம், தகரத்துக்கு மேல் பழைய மெத்தை, மெத்தைக்கு மேல் கம்பளம். ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார். வாசலில் நின்று கை தட்டினேன். தட்டிய சத்தம் உள்ளங்கையிலேயே செத்தது. எங்கள் தொழிலில் இதைச் செத்த அறை என்போம். நல்ல அர்த்தத்தில்தான் சொல்வோம்.

“கதவைச் சாத்திக்கோ. இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரி கத்துவா. ரொட்டி அடுப்புல இருக்கு, பாத்துட்டு வரேன்.”

கனமான கதவைத் தோளால் தள்ளினேன்; மூடிக்கொண்டது. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த வானொலியின் ஓதல் கத்தியால் வெட்டியதுபோல நின்றது.

ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். ஒலி எழுப்பும் கூம்பு ஐந்து அங்குலம். படுக்கையறைக்கு அதுவே போதும். எட்டு அங்குலம் வாங்கிச் சின்ன அறையில் வைப்பவன் வயிற்றால் கேட்கிறவன். இரண்டும் ஒரே சமயம் வாங்கிய ஜோடி. சுவரை ஒட்டி வைக்காமல் முன்னால் தள்ளி, காது உயரத்தில் வைத்திருந்தார். நாற்காலியும் சரியான இடத்தில்: இரண்டு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கும் ஒரு முக்கோணம். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான்.

கம்ப்யூட்டரில் அவருடைய கடைசிப் பாட்டு திறந்தே கிடந்தது. முடிக்காத பாட்டு. ஓடவிட்டேன்.

நல்ல ஜோடிக்கு அடையாளம் என்னவென்றால், குரல் இடது பெட்டியிலும் கேட்காது, வலது பெட்டியிலும் கேட்காது. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் ஆள் நிற்பதுபோலக் கேட்கும். ஷவ்கி அப்படித்தான் நின்றார். ஆனால் எக்கோவில் மூழ்கிப்போய், நாலு தெரு தள்ளி ஏதோ கல்யாணப் பந்தலில் பாடுவதுபோல.

எக்கோ எனக்குப் பிடிக்காது. குரலில் ஓட்டை இருப்பவன் பூசும் சுண்ணாம்பு அது. மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

குரல் சட்டென்று கிட்டே வந்தது. கூம்புகளுக்கு நேர் நடுவில், மேசைக்கு அந்தப் பக்கம்.

பாட்டு நின்ற இடைவெளியில் அவர் சொன்னார். “என் குரலைக் கொஞ்சம் தூக்கும்மா.”

சிரித்துவிட்டேன். எல்லாப் பாடகனும் இதைத்தான் சொல்வான். தாளம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, மணப்பெண் காது கிழிந்தாலும் பரவாயில்லை, தன் குரல் மேலே இருக்க வேண்டும். பதிவின்போது பேசியதை வெட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வேடிக்கைக்குக் கொஞ்சம் தூக்கினேன்.

“இன்னும் கொஞ்சம்.”

தூக்கினேன்.

“இன்னும்.”

சோம்புக் கஷாய வாசனை வந்தது. தொண்டைக்காகப் பாடகர்கள் குடிப்பது. சூடாக, யாரோ அப்போதுதான் குடித்துவிட்டு வாயைத் திறந்ததுபோல.

பாட்டை நிறுத்தினேன். திரையில் எல்லா ஒலிக்கோடுகளும் படுத்துவிட்டன.

“ஏன் நிறுத்தினே?”

ஸ்பீக்கர்களை அணைத்தேன். சின்னப் பச்சை விளக்குகள் போயின.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

நடுவில் கேட்கும் குரல் ஒரு மாயம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. தலையை இடதுபக்கம் சாய்த்தால் குரலும் இடது பெட்டிக்குள் சறுக்கி விழுந்துவிடும். நான் சாய்ந்தேன்.

அது சறுக்கவில்லை.

எழுந்து சுவரோரம் போனேன். குரல் நின்ற இடத்திலேயே நின்று, என் பக்கம் திரும்பிப் பேசியது. “உக்காரும்மா. வேலை முடியல.”

கதவுக்கு ஓடினேன். கைப்பிடியைத் தேடினேன்.

உட்பக்கம் கைப்பிடியே இல்லை.

திருகாணி இருந்த நாலு ஓட்டைகள் மட்டும், மெழுகு வைத்து அடைத்திருந்தன. எனக்குப் புரிந்தது; எங்கள் ஒலிப்பதிவு ஆட்கள் மட்டுமே செய்யும் முட்டாள்தனம் அது. கனத்த ஒலிக்குக் கைப்பிடி கடகடக்கும். கடகடப்பு பதிவில் விழும். அதனால் கழற்றி எறிந்துவிட்டார். பாட்டுக்காகத் தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட மனிதர்.

கதவை உதைத்தேன். “ஹாஜியம்மா! ஹாஜியம்மா, கதவைத் திறங்க!”

கத்தலைக் கம்பளம் குடித்துவிட்டது. போனை எடுத்தேன். தகரத்துக்குள் சிக்னல் ஏது?

“வர்றவன் எல்லாம் பாதியில போயிடறான்,” என்றது குரல். “நீ படிச்ச பொண்ணு. நீ முடிச்சுக் கொடுப்பே.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், செத்தவன்மேல் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற முதலாளியின் பின்னறையிலிருந்து தப்பிக்க வந்தால், செத்த முதலாளி ஒருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு வேலை சொல்கிறான்.

“என்னால முடியாது,” என்றேன். “நான் வாங்க வந்தவ.”

பதில் காதோரம் வந்தது.

“தூக்கு.”

மூச்சு கழுத்தில் பட்டது. குளிர்ந்த சோம்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிட்டே வரவழைத்தது நான்தான். எக்கோ என்பது தூரம். குரலில் எக்கோ அதிகமானால் ஆள் தள்ளிப்போவான். எக்கோ வறண்டால் பக்கத்தில் வருவான். பந்தலில் தூரமாய் நின்றவரை, என் ரசனைத் திமிரால் கையைப் பிடித்து மேசைவரை இழுத்து வந்திருக்கிறேன்.

நாற்காலிக்குத் திரும்பினேன். முதுகில் அந்த மூச்சும் கூடவே வந்தது. ஸ்பீக்கர்களைப் போட்டேன், பாட்டை ஓடவிட்டேன். எக்கோவை ஏற்றினேன்.

ஓர் அடி தள்ளிப்போனார்.

இன்னும் ஏற்றினேன். மேசைக்கு அந்தப் பக்கம். இன்னும். சுவருக்கு அந்தப் பக்கம். அதோடு இயந்திரத்தில் இருந்த எக்கோ தீர்ந்தது. அவர் அதற்கு மேல் தள்ளிப்போகவில்லை. என் பக்கம் திரும்பி ஓர் எட்டு வைப்பது கேட்டது.

“போ!” என்று கத்தினேன். “போய்த் தொலை!”

செத்த அறையில் எந்தச் சத்தமும் திரும்பாது. என் கத்தல் திரும்பியது. பெரிய மண்டபத்தில் கத்தியதுபோல நீண்டு, உருண்டு, நீண்டு எங்கோ போய்க்கொண்டே இருந்தது. அவருடைய குரலும் என் எதிரொலியைப் பிடித்துக்கொண்டே போனது.

கதவு திறந்தது.

ஹாஜியம்மா, கையில் சூடான ரொட்டியோடு. “என்ன கண்ணே, மூஞ்சி வெளுத்திருக்கு? சத்தமே கேக்கலயே.” பிறகு கிட்டே வந்து கிசுகிசுத்தார். “அவர் குரலைத் தூக்கச் சொன்னாரா?”

நான் அவரைத் தாண்டி வாசலுக்கு நடந்தேன்.

“உயிரோட இருந்தப்பவும் இதே தொல்லைதான். எடுத்துட்டுப் போயேன். சும்மாவே தர்றேன்.”

ரொட்டியைக்கூட வாங்காமல் இறங்கினேன். டுக்டுக்கில் இமாத் கேட்டான். “எங்கே பொட்டி?”

“சவுண்டு சரியில்ல.”

“நான் அப்பவே சொன்னேன்ல?”

அன்று மாலைதான் முதலில் கவனித்தேன். குளியலறையில் நான் முணுமுணுத்தபோது ஓடுகளில் என் குரல் எதிரொலிக்கவில்லை. வாளியை வைத்த சத்தம் எதிரொலித்தது. மெட்ரோ சுரங்கத்தில் தோழியோடு சிரித்தேன். அவள் சிரிப்பு ஓடியது, என் சிரிப்பு காலடியில் விழுந்தது. அகன்ற கூடமோ நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியோ, எங்கே போனாலும் என்னைச் சுற்றி மட்டும் தகரமும் மெத்தையும் கம்பளமும். நான் வெளியே வந்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

முதலாளியின் பின்னறைக்குத்தான் இன்னமும் போகிறேன்.

நேற்று மத்தியானம் எங்கள் கட்டட வாசலில் நின்றபோது ஐந்தாம் மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “நெஹ்லா! வெங்காயம் வாங்கினியா?” அவள் குரல் மாடிப்படி முழுக்க முட்டி மோதி இறங்கியது.

“வாங்கிட்டேம்மா, வரேன்,” என்று கத்தினேன்.

என் குரல் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து, நிலவறைப் பக்கமிருந்து, “வரேன்” என்று மட்டும் வந்தது.

ஆண் குரல். நிறைய எக்கோவோடு.

இன்று காலையும் அம்மா கூப்பிட்டாள், நானும் பதில் சொன்னேன். “வரேன்” என்று அதே ஆண் குரல் உடனே வந்தது.

எக்கோ துளிகூட இல்லை.