இடது கன்னத்து மச்சம்

மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

வந்தவன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் தலையைத் தடவியபடியே நின்றாள். பதினோரு வருஷம் கழித்துப் பிள்ளை வீடு திரும்பியிருக்கிறான் என்று தெருவே வாசலில் கூடிப் பார்த்துவிட்டுப் போயாயிற்று. எதிர்வீட்டுக்காரி கூட மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். கூடப் பிறந்த அக்காவுக்கு மட்டும் அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அவள் அந்த மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு மச்சம் வலது கன்னத்தில்.

அவளுக்கு வேலை அச்சகத்தில், கம்ப்யூட்டரில் படம் திருத்துவது. கல்யாணப் பெண்ணின் பருவை அழிப்பாள், கண்ணை மூடியபடி படத்தில் விழுந்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுவாள். பதினாறு வயதில் டியூஷனுக்குப் போன தம்பி திரும்பாத நாளிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அவன் முகத்துக்கு ஒரு வயது கூட்டி, காணவில்லை என்று போஸ்டர் போடுவாள். தாடையை இறந்துபோன அப்பாவின் இளவயதுப் படத்திலிருந்து எடுத்தாள். மீசை அவளே வரைந்தது. மூன்றாவது வருஷம் எழுத்தெல்லாம் வலப்பக்கம் போய்விட்டதால், முகம் எழுத்தைப் பார்க்கட்டும் என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். அச்சகத்தில் தினமும் செய்கிற காரியம்தான். முந்நூறு போஸ்டர் ஒட்டி முடித்த பிறகுதான் மச்சம் கன்னம் மாறியதைக் கவனித்தாள். கன்னத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் அந்தப் படத்தின் மேலேயே வேலை செய்தாள். அதற்கடுத்த வருஷமும்.

இப்போது அந்தப் படம் டீ குடித்துக்கொண்டிருந்தது.

சட்டைப் பொத்தான்கள் பெண்கள் சட்டையில் இருப்பதுபோல் எதிர்ப்பக்கம் இருந்தன. பை வலது மார்பில் இருந்தது. டம்ளரை இடது கையில் பிடித்திருந்தான். பக்கத்தில் போனால் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய தாளின் மை வாசனையும், அதற்கடியில் சுவரில் ஒட்டிய பசை மழையில் ஊறிப் புளித்துப்போன வாடையும் அடித்தன. தினமும் அச்சகத்திலிருந்து அவள் புடவையில் சுமந்து வருகிற வாசனைதான். வீட்டுக்குள் வேறொருவர் மேல் அதை முகர்ந்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"அம்மா, இவன் தம்பி இல்லம்மா."

"வாயை மூடுடி."

"மச்சத்தைப் பாத்தியா நீ?"

அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகப் பேசினாள். "பெத்தவளுக்குத் தெரியாதா? வாசல்ல வந்து நின்னப்பவே பாத்தாச்சு. பதினோரு வருஷமா பசை வாளியைத் தூக்கிட்டு ஒவ்வொரு கம்பமா அலைஞ்சிருக்கேன். முட்டி தேஞ்சு போச்சு. இனி என்னால ஆகாது. ஏதோ ஒரு கன்னத்துல இருக்கில்ல? போதும்."

அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவனுக்குத் தட்டு வைக்கிறாள், தம்பியின் பழைய போர்வையை உதறிப் போடுகிறாள்.

வந்தவன் அதிகம் பேசுவதில்லை. பசிக்குதும்மா என்பான். எங்கே இருந்தாய் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்பான். அவன் கண் சிமிட்டி அவள் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்குப் போடாத கூடத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் மார்பின் இடப்பக்கம் வைத்துக்கொண்டான். அங்கே ஒரு துடிப்பும் இல்லை. சுவரைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது. அவள் கையை உருவப் பார்த்தாள். அவன் விடாமல் மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான்.

"இங்க இருக்குக்கா," என்றான்.

இருந்தது. துடித்தது.

நான்காம் நாள் காலையில் போலீஸ்காரர் தடித்த ஃபைலோடு வந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கும் தலை நரைத்துவிட்டது. வந்தவனைத் தோளில் தட்டி, "ஊரையே ஒரு ஆட்டு ஆட்டிட்டியேடா," என்று சிரித்தார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"புகார் கொடுத்தது நீங்கதானம்மா? நீங்கதான் கையெழுத்துப் போடணும். ஆள் கிடைச்சாச்சு, இனி தேட வேணாம்னு எழுதியிருக்கு. போட்டுட்டீங்கன்னா ஃபைலை மூடிடுவோம்."

"மூடிட்டா?"

"அப்புறம் யார் தேடப்போறா?"

பேனா அவள் விரலிடுக்கில் நின்றது. தம்பி எங்கேயாவது உயிரோடு இருந்தால், அவனைத் தேடுகிறவர்கள் என்று உலகத்தில் இருப்பது இந்த ஃபைலும் அவளும்தான். இதில் கையெழுத்துப் போடுவது அவனைக் கை கழுவுவது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரே ஒரு வருஷமாவது அந்த முகத்தில் கை வைக்காமல் இருக்க மாட்டோமா என்று ஏங்கியவளும் அவள்தான். அம்மா அவளைப் பார்த்தாள். அது கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. களைத்துப்போன பார்வை. நாற்காலியிலிருந்து அவனும் சிமிட்டாமல் பார்த்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒன்றும் தோன்றவில்லை. போலீஸ்காரர் ஊதி மை காயவைத்தார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா எச்சில் கையோடு போய்த் திறந்தாள்.

வெளியே ஒருவன் நனைந்துகொண்டு நின்றான். சடை பிடித்த தாடி, குழி விழுந்த கன்னம். முன்பற்கள் இல்லை. ஒரு காலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. அவள் வரைந்த எந்த வருஷத்து முகமும் அதில் இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அம்மா," என்றான்.

அம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். ஒருமுறை திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனையும் பார்த்தாள்.

"நாங்க யாரையும் தேடலப்பா," என்றாள்.

கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள்.

மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சோடாபுட்டி... நான்தான். தொற."

சின்ன வகுப்பில் அவள் கண்ணாடி போட்ட நாளில் தம்பி அவளுக்கு வைத்த பெயர் அது. அவன் ஒருத்தன்தான் கூப்பிடுவான். வருஷக்கணக்காக யாரும் கூப்பிடவில்லை. எந்தப் போஸ்டரிலும் அதை எழுதியதில்லை.

அவள் எழுந்தாள்.

மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. இடது கை. ஈரத் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"உக்காருக்கா," என்றான். "சோறு ஆறுது."

கத்த வேண்டும். கதவுக்கு ஓட வேண்டும். காலையில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

கதவில் தலை உயரத்தில் தட்டல் கேட்டது. மெல்ல. பிறகு இடுப்பு உயரத்தில். நடுவே இருமல். பிறகு முழங்கால் உயரத்தில். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. கடைசியில் தரையோடு தரையாக, நகம் சுரண்டும் சத்தம்.

கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் கசிந்து வந்தது. அதோடு மூன்று விரல் நுனிகள் வந்தன. வெளுத்து, ஊறி, எதையோ துழாவின.

அம்மா பழைய துணியை மடித்து எடுத்து வந்தாள். வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். விரல்கள் அசைந்துகொண்டிருக்கும்போதே, அந்த இடுக்கில் துணியை வைத்து, இரண்டு கையாலும் அடைக்க ஆரம்பித்தாள்.