சாட்டையைப் பிடித்த கை

ஓங்கிய சாட்டை இறங்கவில்லை.

சேக் இஸ்மாயில் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். ஊஹூம்... அசையக் காணோம். வைகைப் பாலத்து ஏத்தம். ஐப்பசி மழை கண்ணைத் திறக்க விடாமல் அடிக்கிறது. அவனுடைய குதிரை பேகம் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள். இந்த நேரம் பார்த்துச் சாட்டைக்கு என்ன கேடு? திரும்பினான்.

ஜட்காவின் முன்திரை இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. மருதாணி சிவந்த விரல்கள் சாட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் பச்சை வளையல்... அதில் மழைத்துளி ஒன்று விழவா வேண்டாமா என்று நின்றது.

"அடிச்சா ஏறிருமா?" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல்.

"கையை எடுங்க. ஓட்டுறது நானு."

"அது முதுகைப் பாத்தீங்களா? சேணம் உரசி உரசி எம்புட்டுப் பெரிய புண்ணு! மழைத்தண்ணி பட்டா எரியும்ல?"

"குதிரை என்னோடதுங்க."

"வலியும் உங்களோடதா?"

ஸ்டேஷன் வாசலில் இருக்கிற அத்தனை வண்டிக்காரர்களையும் பேசியே விரட்டுகிற இஸ்மாயில் சாட்டையைத் தாழ்த்திவிட்டான்!

அதற்குள் பின்பக்கம் கலவரம். "இறங்கி நடப்போம்மா, பாரம் குறையும்ல." "மழையிலயாடி? யா அல்லா, உன்னைப் பெத்ததுக்கு..." ஒரு வழியாக மூன்று பெண்கள் இறங்கினார்கள். மூன்று பேரும் தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தார்கள். முக்கி முனகி நடந்த அகலமான உருவம் அஜ்மல் பீவி அம்மா. ஈயம் பூசும் கடை அப்துல் அலீமின் மனைவி. வியாழக்கிழமை தோறும் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகிறவர். மற்ற இரண்டும் அவர் பெண்கள், ஷரீபாவும் சபியாவும். பேரைக் கேள்விப்பட்டிருக்கிறானே தவிர முகம் பார்த்ததில்லை.

இரண்டும் ஒரே உயரம், ஒரே நடை. கைகள் துப்பட்டிக்குள். சாட்டையைப் பிடித்தது எது? உற்றுப் பார்த்தான். இங்கேயா... அங்கேயா... ஒன்றும் விளங்கவில்லை.

பாரம் குறைந்ததும் பேகம் தானாக ஏறினாள். அதுவேறு அவனுக்கு மானக்கேடாகப் போயிற்று. சேணத்தைச் சரிசெய்யக் குனிந்தபோது முதுகுக்குப் பின்னால் அதே குரல்.

"அந்தப் புண்ணு ஆறாம உங்க வண்டியில ஏற மாட்டோம்!"

வெடுக்கென்று நிமிர்ந்தான். இரண்டு துப்பட்டிகளும் ஒன்றும் அறியாதவை போல் நடந்துகொண்டிருந்தன.

போகட்டும், எனக்கென்ன, ஊரில் வேறு சவாரி இல்லையா என்றுதான் மறுநாள் எழுந்தான். ஆனால் கை தானாக வேப்பிலையை வேகவைத்தது. புண்ணைக் கழுவி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசியபோது பேகத்தின் தோல் சிலிர்த்து நடுங்கியது. அட... வலிக்கத்தான் செய்திருக்கிறது! இவ்வளவு நாளும் இது ஏன் தன் கண்ணில் படவில்லை? அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை. பெருநாளுக்கு எடுத்த புதுச் சட்டையைக் கிழித்து, பஞ்சு வைத்து, சேணத்துக்கு அடியில் மெத்தையாகத் தைத்தான்.

மாட்டு வண்டிக்காரன் தவசி இடுப்பில் கையை வைத்து வேடிக்கை பார்த்தான். "என்ன மாப்ள, சவாரிய விட்டுப்புட்டு வைத்தியம் பாக்குற?"

"அவ சொன்னாடா."

"எவ?"

"அதாண்டா தெரியல!"

தவசி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தவன் போகிற போக்கில் தன் காளைகளின் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

புண் ஆறியது. அந்த வியாழக்கிழமை வண்டியை அப்துல் அலீம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். சாட்டையை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். வெள்ளைத் துப்பட்டி ஒன்று நேரே பேகத்தின் முன்னால் வந்து நின்றது. மருதாணிக் கை வெல்லத்துண்டை நீட்டியது. முக்காட்டு இடுக்கில் இரண்டு கண்கள்... மழை விட்ட வானம் போல் கழுவித் துடைத்த கண்கள். அவை முதலில் பேகத்தின் முதுகைப் பார்த்தன. பிறகு அவனை.

ஐயோ, அந்தப் பார்வை! புகழ்ச்சியா, கேலியா?

"பரவாயில்ல. காது கேக்குது உங்களுக்கு," என்றாள். "ஸ்டேஷன்ல வெயில்ல நிக்கிற மத்த குதிரைகளுக்குத் தண்ணி யாரு வைக்கிறா?"

"அது... யாரும்..."

"யாரும்னா? நீங்க ஆளில்லையா?"

அப்போதுதான் அஜ்மல் பீவி வண்டிக்குள்ளேயிருந்து கத்தினார். "ஷரீபா! ஏன் அங்கனயே நிக்கிற? ஏறுடி!"

ஷரீபா! இஸ்மாயில் அந்தப் பேரை வெல்லத்துண்டு போல் வாய்க்குள் போட்டுக்கொண்டான். தெருவோரம் சுவரோடு ஒட்டி, குதிரைக்குப் பயந்து ஒடுங்கி நின்றிருந்த இன்னொரு துப்பட்டியை அவன் எங்கே கவனித்தான்?

மறுவாரமே தவசியும் அவனுமாக ஸ்டேஷன் வாசலில் கல்தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். காலையில் நிரப்புவது இவன், மத்தியானம் தவசி. வியாழன்தோறும் திரை கேட்கும். "தண்ணி மாத்தினீங்களா? லாடம் பாத்தீங்களா?" இவன் பதில் சொல்வான். திரை சிரிக்கும்... அந்தச் சிரிப்புக்காகவே அவன் தினமும் தண்ணீர் தூக்கினான் என்றால் பொய்யில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தன் அம்மாவை அனுப்பி, "ஷரீபாவை எனக்குக் கேளும்மா," என்று சொல்லிவிட்டான். "பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்றோம்," என்று நல்லபடியாகவே பதில் வந்தது.

அதோடு திரை ஊமையாகிவிட்டது.

வெல்லம் மட்டும் பேகத்துக்குக் கிடைத்தது. சொல் ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. வெட்கமா? கோபமா? வண்டிக்காரன் கேட்டுவிட்டானே என்ற இளக்காரமா? அப்படியானால் வெல்லம் எதற்கு? யோசித்து யோசித்து அவனுக்குத் தலை கிறுகிறுத்தது.

அடுத்த வியாழன், பாலத்தை நெருங்கும்போது அஜ்மல் பீவி குரலில் சந்தோஷம் வழிந்தது. "தம்பி, இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் இவ அத்தா கேக்கப் போறாரு. கன்னிப்பொண்ணு வாய் திறக்காம இருந்துட்டா அதைச் சம்மதம்னு எடுத்துக்குவோம். எங்க ஷரீபா எதுக்குமே வாய் திறக்க மாட்டா. முடிஞ்ச மாதிரிதான்!"

இஸ்மாயிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் திறக்க மாட்டாளா? அப்படியானால் இத்தனை நாளும் என்னை விரட்டி விரட்டித் திட்டியது யார்?

பேகம் ஏத்தத்தில் வழக்கம்போல் நின்றாள். ஒரு துப்பட்டி மட்டும் இறங்கி முன்னால் வந்தது. பேகம் உரிமையோடு அதன் முந்தியில் மூக்கை நுழைத்து வெல்லம் தேடினாள். லேசாகத் தூறல் போட ஆரம்பித்தது.

"நீங்க..." அவன் வண்டியிலிருந்து குதித்தான். "நீங்க ஷரீபாதானே?"

"ஷரீபா உள்ள இருக்கா. அவ என் அக்கா. நான் சபியா."

"அப்ப... சாட்டையைப் பிடிச்சது?"

பதிலுக்கு ஒரு கை வெளியே வந்து பேகத்துக்கு வெல்லம் ஊட்டியது. அதே பச்சை வளையல். மருதாணி வெளிறிப் போயிருந்தது.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நீங்க கேட்டது அக்காவை."

"நான் கேட்டது இந்தக் கையை! ஆளு தெரியும், பேருதான் தெரியல. உங்கம்மா ஷரீபான்னு கூப்பிட்டதை உங்களைன்னு நெனைச்சுட்டேன்..." அவன் வண்டிப் பக்கம் பார்த்தான். "உங்க அக்காவுக்கு இதுல இஷ்டமா?"

"வாரம் பூரா அழுவுறா. அம்மா அதை வெக்கம்னு நெனைக்குது."

"நீங்க சொல்லக் கூடாதா? ஒரு குதிரைக்காக அம்புட்டுப் பேசுனீங்களே!"

"நான் எப்படிப் பேசுவேன்? அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை மேல இவளுக்குக் கண்ணுன்னு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முக்காட்டு இடுக்கில் அந்தக் கண்கள் நிரம்பின.

அவன் கேட்டுவிட்டான். கேட்டது நிஜம்தானா என்று நம்ப முடியாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சபியா விறுவிறுவென்று வண்டியின் பின்பக்கம் போனாள். "அக்கா, இன்னிக்கு நீ பேசாம இருந்தா சம்மதம்னு ஆயிரும். உனக்காக நான் பேசினா தப்பா போயிரும்க்கா. நீயே சொல்லு."

உள்ளே ஒரு விசும்பல். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல்... இஸ்மாயில் முதன்முதலாகக் கேட்கிற குரல். "எனக்கு வேணாம்மா. எனக்குக் குதிரைன்னாலே பயம். அதோட வாடையே ஆகாதும்மா!"

"யா அல்லா! இதை ஏண்டி இம்புட்டு நாளாச் சொல்லல?"

"யாரும்மா என்னைக் கேட்டா?"

இனியும் சும்மா நின்றால் நான் மனுஷனில்லை என்று இஸ்மாயிலும் பின்பக்கம் ஓடினான்.

"அம்மா, தப்பு என் மேலதான். பேரை மாத்திக் கேட்டுட்டேன். என் மனசுல இருக்கிறது உங்க சின்ன மக. எங்கம்மாவை மறுபடியும் அனுப்புறேன். செருப்பால அடிச்சாலும் சரி."

வண்டிக்குள்ளிருந்து அஜ்மல் பீவி தலையை நீட்டினார். "சபியா! இந்தத் தம்பி சொல்றது கேட்டுச்சா? வேணாம்னா இப்பவே சொல்லிரு."

சபியா பேகத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தாண்டி! தெருவையே கூட்டுற வாயி... என்னாச்சு?"

பதில் இல்லை. பேகத்தின் பிடரி மயிரை விரல்களால் கோதிக்கொண்டே நின்றாள். பச்சை வளையல் மட்டும் கிணுகிணுத்தது.

"பேச மாட்டியா?"

ஊஹூம்.

அஜ்மல் பீவி பெருமூச்சு விட்டார். அது சிரிப்பில் போய் முடிந்தது. "சரிதான். முதல்ல பெரியவளுக்கு ஒரு எடம் பாக்கணும்... குதிரை இல்லாத எடமா. நீ வண்டியை எடு தம்பி."

இஸ்மாயில் வண்டியில் ஏறவில்லை. பேகத்தின் இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளுமாக நடந்தார்கள். தர்கா வாசல் வரைக்கும் சபியா ஒரு வார்த்தை பேசவில்லை.